பி.ஏ. செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிறார்களே, அந்த மூச்சுக் கருவிக்குத்தான் பி.ஏ. செட் (பிரீத்திங் அப்பரேட்டஸ்) என்று பெயர். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இதற்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போதெல்லாம் மில் தொழிலாளர்கள், ஆய்வகக்காரர்கள், மீட்பு வேலைக்கு வரும் இளைஞர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கணக்குகள் எல்லாம் இப்போது பரவலாக இருக்கும் 6.8 லிட்டர், 300 பார் கார்பன் நார் சிலிண்டருக்கானவை. பார் என்பது அழுத்தத்தின் அலகு.

அண்ணே, முதுகுல இருக்கறது ஆக்ஸிஜன் சிலிண்டர்தானே?

இல்லை. வெளியே நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதை வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். தீ எரியும் இடத்துக்குச் சுத்த ஆக்ஸிஜனைக் கொண்டுபோனால், கசிகிற இடத்தில் துணியும் ரப்பரும் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆக்ஸிஜனில் ஓடும் வேறு வகைக் கருவிகளும் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை முதுகுத் தட்டில் உள்ள ரெடியூசர் சில பார் அளவுக்குக் குறைக்கும். அங்கிருந்து ஹோஸ் வழியாக மாஸ்க்கின் டிமாண்ட் வால்வுக்கு வரும். மூச்சை இழுத்தால் வால்வ் திறக்கும். விடும் மூச்சு வெளியே போய்விடும், திரும்ப வராது. அதனால்தான் சிலிண்டர் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது.

ஈரத் துண்டை மூக்குல கட்டிக்கிட்டா போதாதா? இல்லாட்டி அந்த டப்பா வச்ச மாஸ்க்?

ஈரத் துண்டு கரித்தூளைக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். புகையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. துண்டின் வழியாக அது தாராளமாக உள்ளே வரும். காற்றில் 1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1200 பங்கு) அளவு வந்தாலே உடனடி உயிராபத்து என்று வைத்திருக்கிறார்கள். மூடிய அறையில் எரியும் தீயில் இது பல மடங்கு போகும்.

டப்பா மாஸ்க், அதாவது ஃபில்டர் மாஸ்க், குறிப்பிட்ட வாயுவை மட்டும் வடிகட்டும். ஆக்ஸிஜனைக் கொடுக்காது. அறைக் காற்றில் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அதைப் போட்டும் பயனில்லை. எந்த வாயு, எவ்வளவு என்று தெரியாத இடத்துக்கு பி.ஏ. செட் மட்டும்தான்.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? கடைக்காரர் 45 நிமிஷம்னாரே?

6.8-ஐ 300-ஆல் பெருக்கினால் 2040 லிட்டர். அந்த அழுத்தத்தில் காற்று கணக்குப்படி அடங்காது என்பதால் நிஜத்தில் பத்து சதவீதம் போல் குறையும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்துத்தான் கடைக்காரர் 45 நிமிடம் சொல்கிறார்.

அந்த 40 லிட்டர் நிதானமாக வேலை செய்பவருக்கு. ஹோஸை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் 60, 80 என்று போகும். பயமும் சேர்ந்தால் 100. அப்போது அதே சிலிண்டர் 20 நிமிடத்தில் முடியும். ஆகவே உங்கள் மூச்சுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழு உடுப்பும் செட்டும் போட்டு, பயிற்சித் திடலில் படி ஏறி இறங்கி, பத்து நிமிடத்தில் எத்தனை பார் குறைந்தது என்று எழுதி வையுங்கள். அட்டையில் அச்சடித்த நிமிடத்தை நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது.

விசில் அடிச்சப்புறம் எவ்வளவு நேரம் இருக்கு?

காற்று குறைந்துவிட்டது என்று எச்சரிக்க செட்டில் உள்ள விசில் 55 பார் பக்கத்தில் அடிக்கத் தொடங்கும். அப்போது மிச்சம் சுமார் 370 லிட்டர். நிதானமாக நடந்தால் ஒன்பது நிமிடம், மூச்சு வாங்கினால் ஐந்து நிமிடம்கூட வராது. விசில் அடிக்கும்போது நீங்கள் வெளியே நின்றுகொண்டிருக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் கிளம்புவேன் என்பவர் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார்.

அப்ப எப்பத்தான் திரும்பணும்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் கனமான தேக்குக் கதவு, சின்ன ஜன்னல். வளவு வானம் பார்த்து இருப்பதால் புகை கொஞ்சம் மேலே போகும். பக்கத்து அறைகளில் உள்ள புகை போகாது, அங்கேயே தங்கும். புகையில் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான் கைக்குப் படும்.

ஜெர்மன் தீயணைப்புத் துறையில் ஒரு விதி உண்டு: உள்ளே போக எவ்வளவு காற்று செலவானதோ, திரும்பி வர அதைப் போல் இரண்டு மடங்கு ஒதுக்கு. முகப்பில் 300 பார். இரண்டாம் கட்டை அடையும்போது 240 என்று வைத்துக்கொள்வோம். செலவு 60. திரும்ப 120, அதோடு விசிலுக்குக் கீழே உள்ள 55-ஐத் தொடாமல் வைக்க வேண்டும். ஆக 175. அழுத்தம் காட்டும் கேஜின் முள் 180-ஐத் தொட்டதும் வேலை பாதியில் இருந்தாலும் கிளம்ப வேண்டும். அங்கே நின்று வேலை செய்யக் கிடைத்தது 60 பார், ஏறக்குறைய 400 லிட்டர். கடினமான வேலைக்கு அது ஏழு நிமிடம்கூட இல்லை.

போவது எப்போதும் இருவராக. இருவரில் யாருடைய முள் முதலில் அந்த எண்ணைத் தொடுகிறதோ, அவரோடு மற்றவரும் திரும்ப வேண்டும். உள்ளே போகுமுன் வாட்ச்மேனையோ பக்கத்து வீட்டு ஆச்சியையோ ஒரு வார்த்தை கேளுங்கள்: பின்வாசல் சாவி யாரிடம், எந்தக் கதவு உள்பக்கம் தாழ் போட்டது? வருடத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பின்வாசலைத் திறக்க முடிந்தால் போகும் தூரமே பாதியாகிவிடும்.

வாசல்ல ஒருத்தர் போர்டு வச்சு எழுதிக்கிட்டு நிக்கிறாரே, அவரையும் உள்ள அனுப்பினா வேலை சீக்கிரம் முடியுமே?

அவரை அனுப்பாதீர்கள். யார், எத்தனை பாரோடு, எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது திரும்ப வேண்டும் என்று குறித்து வைப்பது அவர் வேலை. உள்ளே இருப்பவருக்கு நேரம் போவதே தெரியாது. குறித்த நேரத்தில் ஆள் வரவில்லை என்றால், தயாராகச் செட் மாட்டி நிற்கும் இன்னொரு ஜோடியை அனுப்புவதும் அவர்தான்.

மாட்டறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்? அவசரத்துல இதெல்லாம் நடக்குமா?

பழகினால் இரண்டு நிமிடம் ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தையும் வண்டி போய்ச் சேர்ந்த பிறகு தேடாமல், காலையில் டியூட்டி மாறும்போதே ஒதுக்க வேண்டும்.

முதலில் கேஜ். 270-க்குக் கீழே இருந்தால் அந்த சிலிண்டரை மாற்றுங்கள். டிமாண்ட் வால்வ் மூடிய நிலையில் இருக்கட்டும். இப்போது சிலிண்டர் வால்வை முழுசாகத் திறந்து, முள் ஏறி நின்றதும் மூடுங்கள். ஒரு நிமிடம் முள்ளையே பாருங்கள். 10 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் சிலிண்டரும் ரெடியூசரும் சேரும் இடத்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் காரணம். அதைக் கழற்றி விரல் நுனியால் தடவிப் பார்த்தால் கீறலோ ஒட்டிய மணலோ தெரியும். அப்புறம் சிலிண்டர் வால்வ் மூடியபடியே உள்ளே நிற்கும் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். முள் 60-க்கும் 50-க்கும் இடையே வரும்போது விசில் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அந்தச் செட்டை ஓரமாக வைத்துச் சீட்டு ஒட்டுங்கள். கடைசியாக மாஸ்க்: கண்ணாடியில் விரிசல், பட்டையில் வெடிப்பு, மூச்சு வெளியேறும் வால்வில் தூசி.

உள்ளே போகும்போது சிலிண்டர் வால்வை முழுசாகத் திறக்க மறக்காதீர்கள். அரைகுறையாகத் திறந்தால் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கும்போதுதான் காற்று போதாமல் திணறும்.

தாடி வச்சிருக்கேன், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன். என்ன செய்யறது?

விரதத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் மாஸ்க் போடும் வேலை உங்களுக்கு வேண்டாம். வண்டி ஓட்டுங்கள், பம்ப்பைப் பாருங்கள், மேலே சொன்ன போர்டு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் காற்று நிற்கும். இரண்டு நாள் முள் தாடி இருந்தாலே கசியும். மீசை விளிம்புக்குள் அடங்கினால் பரவாயில்லை.

சோதிக்க எளிய வழி உண்டு. மோவாயை முதலில் உள்ளே வைத்து, கீழ்ப் பட்டைகளை இழுத்து, அப்புறம் நெற்றிப்பொட்டுப் பக்கத்துப் பட்டைகளை இழுங்கள். டிமாண்ட் வால்வை மாட்டுமுன் அந்தத் துளையை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்துப் பிடியுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி அப்படியே பத்து விநாடி நின்றால் சரி.

மாஸ்க்குக்குள்ள எப்பவும் காத்து அழுத்தம் இருக்குமாமே, கொஞ்சம் கசிஞ்சா என்ன?

உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், உண்மைதான். அதனால் சின்னக் கசிவு இருந்தால் காற்று வெளியே போகும், புகை உள்ளே வராது. ஆனால் வெளியே போவது உங்கள் சிலிண்டர் காற்று. மேலே போட்ட கணக்கெல்லாம் குலைந்துவிடும். வேகமாக மூச்சை இழுக்கும் கணத்தில் அந்த அழுத்தம் குறைந்து புகை உள்ளே வரவும் கூடும்.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கலாமா?

சாதாரணக் கண்ணாடி கூடாது. காது வரை போகும் கம்பி மாஸ்க் விளிம்பைத் தூக்கிவிடும். மாஸ்க்குக்குள் பொருத்தும் தனிச் சட்டம் கிடைக்கிறது, அதில் உங்கள் பவர் லென்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிணத்துல ஆள் மயங்கிக் கிடக்கார். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பாத்தோம், அணையல. இறங்கலாமா?

செட் இல்லாமல் இறங்காதீர்கள். சுடர் அணைந்தால் ஆக்ஸிஜன் மிகவும் குறைவு என்று அர்த்தம். அணையாவிட்டால் காற்று நல்லது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடோ கார்பன் மோனாக்சைடோ ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு எரியும். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கு வழி. கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. “இப்ப நாத்தம் இல்ல” என்று சொல்லி இறங்குபவர் அந்த நேரத்தில்தான் விழுகிறார். அவரைத் தூக்க அண்ணன், அண்ணனைத் தூக்கத் தம்பி என்று அடுத்தடுத்து இறங்குகிறார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருக்கிறது.

செட்டோடு இறங்குவதானாலும் இடுப்புப் பட்டை, மேலே இழுக்கும் கயிறு, அதைப் பிடிக்க ஆட்கள், காற்றில் உள்ள வாயுக்களை அளக்கும் கேஸ் மீட்டர் எல்லாம் வேண்டும். டேங்க் வாய் குறுகலாக இருந்து செட்டோடு நுழைய முடியவில்லை என்றால், செட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இறங்கும் யோசனையே வேண்டாம். வாயை உடைத்துப் பெரிதாக்குங்கள், அல்லது மேலிருந்து ஹோஸில் காற்று வரும் ஏர்லைன் மாஸ்க்கைக் கேளுங்கள். இன்னொன்று, இவ்வளவும் மீட்புக்காகச் சொல்வது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் டேங்க் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

குளோரின் லீக், சமையல் கேஸ் லீக்குக்கும் இதைப் போட்டுக்கிட்டுப் போகலாமா?

நுரையீரலுக்கு செட் போதும், உடம்புக்குப் போதாது. குளோரினும் ஐஸ் ஃபேக்டரி அம்மோனியாவும் வியர்த்த தோலை அரிக்கும். அக்குளும் தொடை இடுக்கும் முதலில் எரியும். அதற்கு வாயு புகாத கெமிக்கல் சூட் வேண்டும். சமையல் கேஸில் முக்கிய ஆபத்து மூச்சில் இல்லை, வெடிப்பில் இருக்கிறது. செட் வெடிப்பிலிருந்து காப்பாற்றாது. நெல் கிட்டங்கியில் பூச்சிக்கு மாத்திரை வைத்திருந்தால் அங்கே இருப்பது பாஸ்ஃபீன் என்ற விஷ வாயு. செட் இல்லாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதுகூடத் தவறு.

தீ அணைஞ்சிருச்சு, புகையும் இல்ல. மாஸ்க்கைக் கழட்டிடலாமா?

பெரும்பாலோர் கழற்றுவது இந்த நேரத்தில்தான், கழற்றக் கூடாததும் இந்த நேரத்தில்தான். பர்மா தேக்கு உத்தரமும் மச்சுப் பலகையும் உள்ளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கண்ணுக்குப் புகை தெரியாது, கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். மெத்தை, சோபா எரிந்திருந்தால் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு கழற்றுங்கள். மீட்டர் இல்லையென்றால் வெளியே வந்து கழற்றுங்கள். தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் வகைப்படுத்திவிட்டது.

சித்திரை வெயில்ல இதைப் போட்டா தலை சுத்துதே?

செட்டே பத்து கிலோவுக்கு மேல். உடுப்பு வியர்வையை ஆற விடாது. போவதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள். ஒரு 45 நிமிட சிலிண்டர் முடிந்தால் கோட்டைக் கழற்றி நிழலில் குறைந்தது 20 நிமிடம் உட்காருங்கள். இன்னொரு சிலிண்டர் மாட்டி உடனே உள்ளே ஓட வேண்டாம். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்கள் பலரைக் கொண்டுபோவது மாரடைப்புதான்.

மாஸ்க்கை எப்படிக் கழுவறது? டெட்டால், ஸ்பிரிட் போடலாமா?

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, மெத்தென்ற துணி. ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. ரப்பர் விறைக்கும், கண்ணாடி மங்கும். கிருமிநாசினி என்றால் கம்பெனி கையேட்டில் சொன்னது மட்டும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். இங்கத்து போர்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு. அது காய்ந்தால் மூச்சு வெளியேறும் வால்வின் மெல்லிய தகட்டில் வெள்ளைப் பொருக்கு படிந்து தகடு சரியாக மூடாது. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டைகளை முழுசாகத் தளர்த்தி, மடங்காமல் பெட்டியில் வையுங்கள்.

திருகு இறுகிப் போச்சு, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடட்டுமா?

வேண்டவே வேண்டாம். எண்ணெயும் உயர் அழுத்தக் காற்றும் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நீங்கள் மூச்சில் இழுக்கும் காற்றிலும் அது கலக்கும். இறுகினால் சுத்தமான துணியால் மண்ணைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். கிரீஸ் பூசிய கையோடு சிலிண்டர் வால்வைத் தொடுவதும் கூடாது.

டயர் கடை கம்ப்ரசர்ல நிரப்பிக்கலாமா?

அது பத்து பார் அளவுக்குத்தான் ஏறும், 300-க்கு முப்பதில் ஒரு பங்கு. அந்தக் காற்றில் எண்ணெய் ஆவியும் இருக்கும். சுவாசக் காற்றுக்கென்று தனி கம்ப்ரசர், வடிகட்டிகளோடு இருக்கிறது. ஐரோப்பியத் தரப்படி அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம்முக்கும், எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் குழாய் பக்கத்தில் வண்டியோ ஜெனரேட்டரோ ஓடினால் அந்தப் புகை நேராக சிலிண்டருக்குள் போகும். நிரப்பும் இடத்துக்குப் போனால் முதலில் அதைப் பாருங்கள்.

மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். வேகமாக அடைத்தால் சிலிண்டர் சூடாகி 300 காட்டும், ஆறியதும் 270-க்கு இறங்கிவிடும்.

வெயில்ல வண்டிக்குள்ளயே கெடக்கு. வெடிச்சிருமா?

30 டிகிரியில் 300 பார் நிரப்பியது 60 டிகிரி சூட்டில் 330 பக்கம் காட்டும். நல்ல சிலிண்டர் அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டது. கெடுவது மற்றவைதான்: மாஸ்க் ரப்பர், ஓ-ரிங், ஹோஸ். வெயில் படாமல் மூடி வையுங்கள்.

சிலிண்டருக்கு ஆயுசு எவ்வளவு? பாக்கப் புதுசாத்தான் இருக்கு.

பார்வையை நம்பாதீர்கள். சிலிண்டர் மேலேயே தயாரித்த தேதியும் கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை) தேதியும் இருக்கும். அடுத்த டெஸ்ட் எப்போது என்பது சிலிண்டர் வகையையும் விதியையும் பொறுத்தது. மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மட்டும் செய்யுங்கள். கார்பன் சிலிண்டர்கள் பலவற்றுக்கு ஆயுள் 15 ஆண்டு. அதற்குப் பிறகு டெஸ்ட்டில் தேறினாலும் பயன்படுத்தக் கூடாது. கீழே விழுந்து நார் அறுந்திருந்தாலோ, தீயில் மேல்பூச்சு கருகியிருந்தாலோ தேதி மிச்சம் இருந்தாலும் தனியே எடுத்து வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

உள்ள வழி தெரியாம மாட்டிக்கிட்டா?

நில்லுங்கள். உடனே வாக்கியில் சொல்லுங்கள்: பெயர், எந்தக் கட்டு, எத்தனை பார். உடம்பில் அசைவு நின்றால் கத்தும் அலாரத்தைக் கையாலேயே அழுத்திவிடுங்கள். ஹோஸ் கையில் இருந்தால் அதைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வரலாம். இல்லையென்றால் ஒரே சுவரைப் பிடித்தபடி தாழ்ந்து போங்கள். சுவரை விட்டு நடுவில் போகாதீர்கள். இரட்டை மூச்சாக இழுக்காமல் மெதுவாக விட்டு இழுங்கள். டிமாண்ட் வால்வ் கோளாறு என்றால், காற்றை நேராக மாஸ்க்குக்குள் விடும் பைபாஸைத் திறக்கலாம். ஆனால் அதில் காற்று கொட்டும், ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடுங்கள். காற்றே தீர்ந்தாலும், உடன் வந்தவரோடு மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போடாதீர்கள், அதில் இருவரும் விழுவார்கள். சில செட்களில் இரண்டாம் ஆளுக்கு மாஸ்க் மாட்டத் தனி இணைப்பு இருக்கும். உங்கள் செட்டில் உண்டா என்று இன்றே பாருங்கள்.

எங்க மில்லுல ஒரே ஒரு செட்தான் இருக்கு. உள்ள ஆள் விழுந்து கிடக்கார். நான் போகட்டுமா?

தனியாகப் போகாதீர்கள். ஒரு செட்டோடு போய் நீங்கள் விழுந்தால் உங்களைத் தூக்க அங்கே யாரிடமும் காற்று இல்லை. முதலில் 101 அல்லது 112, கூடவே 108. “உள்ளே வாயு, ஆள் மயக்கம், பி.ஏ. செட் வேண்டும்” என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

வண்டி வரும்வரை வெளியிலிருந்து செய்யக்கூடியவை நிறைய. தீ இல்லை, எரியும் வாயுவும் இல்லை என்றால் எல்லாக் கதவையும் ஷட்டரையும் திறந்து, வெளியிலிருந்து உள்நோக்கி ஃபேன் வையுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். விழுந்தவர் இடுப்பில் கயிறு இருந்தால் வெளியிலிருந்தே இழுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிடந்தால் நீளக் கம்பில் கொக்கி கட்டி, சட்டையையோ பெல்ட்டையோ மாட்டி இழுத்துப் பாருங்கள். கூட்டத்தில் யாரும் இறங்காதபடி வாசலில் இரண்டு பேரை நிறுத்துங்கள். இருக்கிற அந்த ஒரு செட்டை, பயிற்சி எடுத்தவர் ஒருவர் மாட்டி, சோதித்து, கயிறு கட்டித் தயாராக நிற்கட்டும். அடுத்த செட்கள் வந்து சேர்ந்ததும் ஜோடியாக உள்ளே போகலாம். அடுத்த மாதக் கணக்கில் இரண்டாவது செட்டுக்குப் பணம் ஒதுக்கும்படி முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள்.